அளவுகோலில் ஒளிந்திருந்த 1 சதவீதம்: வீட்டுப் பட்டறையில் பழைய பாணி எலெக்ட்ரிக் கிடார் செய்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரின் புறநகர் ஒன்றில், ஓட்டு வீட்டின் பின்கட்டில் இருக்கும் சிறு பட்டறையில் இந்த வேலை நடந்தது. செய்தவர் 67 வயதான பேட்டர்ன் ஆசாரி. பவுண்டரிகளுக்கு மர மாதிரி செதுக்கித் தருவதே அவர் வாழ்நாள் தொழில். மோட்டார் உறை, பம்பு உடல், வால்வு மூடி எனப் பின்னாளில் இரும்பாக வார்க்கப்படவேண்டிய பொருள்களை முதலில் மரத்தில் வடித்துக் கொடுத்தவர். தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் கருவிகளை அவர் விற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன் கிடார் வாசிப்பவன். அந்தப் பகுதியில் கிடார் சொல்லிக்கொடுத்து, சிறிய பழுதுகளும் பார்க்கும் நான், பேரன் கேட்டுக்கொண்டதால் இதில் சேர்ந்தேன். மரவேலை முழுவதும் ஆசாரியுடையது. தந்தி கட்டுவது, சுருதி பார்ப்பது, வாசிப்புக்கு ஏற்பச் சீர்செய்வது ஆகியவை என் பொறுப்பு.

செய்ய முடிவெடுத்தது 1950-களின் ஃபெண்டர் டெலிகாஸ்டர் பாணியிலான கருவி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1950-இல் எஸ்கொயர் என்றும் பிராட்காஸ்டர் என்றும் வெளிவந்து, 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்ற வடிவம் அது. வீட்டுப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான கிடார் இல்லை என்பது என் உறுதியான கருத்து. உடல் ஒரு தட்டையான பலகை. கழுத்து தனித் துண்டாகச் செய்யப்பட்டு, உடலில் குடைந்த பள்ளத்தில் அமர்ந்து, பின்னாலிருந்து நான்கு திருகுகளால் இறுக்கப்படுகிறது. கழுத்துக்குச் சாய்வுக் கோணம் கணக்கிட வேண்டியதில்லை. ஒரு பகுதி கெட்டாலும் மற்றது பிழைக்கும். இந்தக் கடைசிக் குணம் எங்களுக்கு எவ்வளவு துணை செய்தது என்பது பின்னால் தெரியவரும்.

மரமும் அளவுகளும்

ஆரம்பகால எஸ்கொயர் சிலவற்றின் உடல் பைன் மரத்தால் ஆனது. அதனால் ஆசாரியின் பரணில் பல ஆண்டுகளாகக் காய்ந்துகொண்டிருந்த பைன் பலகைகளையே இரண்டாக ஒட்டி உடலாக்கினோம். அவை ஒருகாலத்தில் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகள். கழுத்துக்கு மேப்பிள் கிடைக்கவில்லை. பேட்டர்ன் வேலைக்கென வைத்திருந்த பழைய தேக்கில், வரிகள் நேராக ஓடும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தோம். கழுத்தின் மேல் ஒட்டும் விரல்பலகை, உடைந்த ஈட்டிமரக் கட்டில் ஒன்றின் சட்டத்திலிருந்து வந்தது. அந்த அளவில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து, உடனே பசையிட்டார்.

உடலின் வடிவத்தையும் கழுத்து அமரும் பள்ளத்தையும் முழு அளவில் அச்சிட்ட தாளை ஒட்டி வெட்டினோம். கழுத்தின் அளவுகளை மட்டும் நான் காகிதத்தில் எழுதிக்கொடுத்தேன். அவற்றைத் தம் எஃகு அளவுகோலால் குறித்துக்கொள்வதாக ஆசாரி சொன்னார். தந்தி நீளம் 648 மி.மீ., அதாவது இருபத்தைந்தரை அங்குலம். நட்டில், அதாவது தலைப்பக்கம் தந்திகள் தங்கும் எலும்புத் துண்டில், அகலம் 42. அடிப்பக்க அகலம் 56. ஃபிரெட்டுகள், அதாவது விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள், 21. ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் எஞ்சியுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்து இடத்தைக் கண்டோம். முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.37-இல், பன்னிரண்டாவது சரிபாதியான 324-இல், இருபத்தொன்றாவது 455.35-இல் வரும்.

அவர் குறித்ததை அருகிலிருந்து பார்த்தேன். பென்சிலை அவர் தொடவில்லை. அளவுகோலை விரல்பலகையின் விளிம்போடு சேர்த்துப் பட்டையால் கட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைக் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, கூர்மையான ஊசியால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி குத்தினார். பிறகு மூலமட்டத்தை வைத்துக் கத்தியால் கோடு இழுத்தார். இருபத்தொரு கோடுகளுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. அந்தக் கோடுகளில் தவறு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஒருவகையில், இல்லவும் இல்லை.

முதல் அறிகுறி

கழுத்தின் அடிப்பக்கம் உடலின் பள்ளத்தில் இறங்க மறுத்தது. ஏறத்தாழ அரை மி.மீ. பெரிதாக இருந்தது. இறுக்கமாக இருப்பது நல்லதுதான் என்று சொல்லி, ஆசாரி இழைப்புளியால் இரு பக்கமும் ஒரு சீவல் எடுத்தார். கழுத்து கச்சிதமாக அமர்ந்தது. 56 என்று எழுதிக்கொடுத்தது ஏன் 56.5-ஆக வந்தது என்று நாங்கள் மூவருமே கேட்கவில்லை. அவருடைய கை அரை மி.மீ. தவறும் கை அல்ல. அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால், உடலில் தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு ஒரு துளைகூடப் போடும் முன்பே பிழை பிடிபட்டிருக்கும்.

அடுத்து பிரிட்ஜின் இடத்தைக் குறித்தோம். ஆசாரியின் எஃகு அளவுகோல் 600 மி.மீ. நீளமுள்ளது, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான 648 அதற்குள் அடங்காது. ஆகவே பேரன் கடையில் வாங்கிய சாதாரண டேப்பை நீட்டிப் பிடித்தான். பழைய பாணித் தகட்டுப் பிரிட்ஜை வைத்து, நான்கு திருகுகளுக்கும் துளையிட்டு, தந்திகள் உடலை ஊடுருவிப் பின்பக்கம் போவதற்கான ஆறு துளைகளையும் போட்டோம்.

வண்ணம் பூசும் முன்பே ஒருமுறை முழுதாகப் பூட்டித் தந்தி கட்டிப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மழைக்காலம் நெருங்குகிறது, ஈரக்காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வெளுத்துப்போகும், முதலில் பூச்சை முடித்துவிடலாம் என்பது ஆசாரியின் எண்ணம். அந்தக் கவலை நியாயமானதே. எனினும் இறுதியில் என் பேச்சுக்கு இசைந்தார். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

கண்டவை

தந்தி கட்டியதும் கிடார் நன்றாகவே ஒலித்தது. திறந்த தந்திகளோடு பிடிக்கும் முதல் மூன்று ஃபிரெட் கார்டுகளில், அதாவது பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கூட்டுகளில், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரன் கையை மேலே நகர்த்தி ஏழாம், எட்டாம் ஃபிரெட்டில் வாசித்தபோதுதான் முகம் சுளித்தான். ட்யூனரை வைத்து முதல் தந்தியை அளந்தேன். ஐந்தாம் ஃபிரெட்டில் சுருதி 6 சென்ட் கூடியிருந்தது; ஏழாவதில் 9; பன்னிரண்டாவதில் 17; பத்தொன்பதாவதில் 35. ஓர் அரைச்சுருதி என்பது 100 சென்ட். ஆக, பத்தொன்பதாம் ஃபிரெட்டில் அரைச்சுருதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தது.

பிரிட்ஜில் தந்திகள் தங்கும் சேடில்களைப் பின்னுக்கு நகர்த்துவது வழக்கமான மருந்து. இந்தப் பிரிட்ஜில் இரண்டிரண்டு தந்திகளுக்கு ஒன்றாக மூன்று பித்தளை உருளைகள் உள்ளன. அவற்றைத் திருகு விட்டவரை, ஏறத்தாழ 4 மி.மீ., பின்னால் இழுத்தும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறேழு சென்ட் மிச்சமிருந்தது. தடித்த தந்திகளில் மிச்சம் இன்னும் அதிகம்.

இங்கே என் பிழை ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். முதலில் தந்திகளைச் சந்தேகித்துப் புதிய தொகுதி மாற்றினேன், மாற்றமில்லை. பிறகு நட்டின் பள்ளங்கள் உயரமாக இருக்கலாம் என்று நினைத்து அவற்றை அரத்தால் ஆழப்படுத்தினேன். சற்று நிதானித்திருந்தால் அது காரணமாக இருக்க முடியாது என்பது விளங்கியிருக்கும். நட் உயரமாக இருந்தால் சுருதிக் கூடுதல் முதல் சில ஃபிரெட்டுகளில்தான் மிகுதியாகத் தெரியும். எங்கள் அளவீடுகளோ நட்டின் அருகே ஏறத்தாழப் பூஜ்யமாகத் தொடங்கி, மேலே போகப் போக வளர்ந்தன. இது ஃபிரெட்டுகளுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே நீளத்தில் உடன்பாடு இல்லாததன் தெளிவான அடையாளம். அந்த அவசரத்தின் பலனாக மூன்றாம் தந்தி முதல் ஃபிரெட்டில் உரசத் தொடங்கியது. புதிய எலும்பில் நட்டை மறுபடி செய்யவேண்டி வந்தது.

காரணம்

மறுநாள் டேப்பால் அளந்தபோது நட்டிலிருந்து பிரிட்ஜுக்குக் குறித்த இடம் வரை சரியான நீளம் இருந்தது. ஆனால் பன்னிரண்டாம் ஃபிரெட் 324-இல் இல்லை. 327-ஐத் தாண்டி நின்றது. ஆசாரியிடம் சொன்னபோது அவர் தம் எஃகு அளவுகோலை எடுத்துவந்து வைத்தார். அது துல்லியமாக 324 காட்டியது. “நாப்பது வருசமா இதுலதானுங்க வேல பார்த்தேன், இது தப்பாக் காட்டாதுங்க” என்றார். அவர் குரலில் கோபமில்லை. உண்மையான குழப்பம் இருந்தது.

டேப்பையும் அளவுகோலையும் பூஜ்யத்தோடு பூஜ்யம் சேர்த்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். 50-இல் அரை மி.மீ. விலகல், கண் அதைத் தவறவிடும். 100-இல் ஒரு கோடு. 300-இல் மூன்று கோடுகள். அளவுகோலின் 300 என்ற எண் டேப்பின் 303-இல் நின்றது. ஆசாரி சில நொடிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவுகோலைத் திருப்பி, துருவேறித் தேய்ந்துபோன அதன் முனையைக் கட்டைவிரலால் துடைத்தார். அங்கே 1 சதவீதம் என்ற பொறிப்பின் சுவடு இருந்தது.

அது சுருக்க அளவுகோல். உருகிய இரும்பு மண் அச்சில் குளிர்ந்து இறுகும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு அது நூற்றுக்கு ஒன்று என்று கொள்வது வழக்கம். அதனால் 300 மி.மீ. வார்ப்பு வேண்டுமானால் மர மாதிரி 303 இருக்கவேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் இப்படிக் கணக்குப் போடாமல் இருக்கவே, கோடுகள் எல்லாம் நூற்றுக்கு ஒன்று நீட்டிப் பொறிக்கப்பட்ட அளவுகோலைப் பேட்டர்ன் ஆசாரிகள் பயன்படுத்துகிறார்கள். வாழ்நாள் முழுக்க அவர் கைக்கு அதுதான் அளவுகோல். வேறொன்றை அந்தக் கை தேடியதே இல்லை. கழுத்தின் அடி பள்ளத்தில் சிக்கியதற்கும் இதே காரணம்: 56-இன் நூற்றில் ஒன்று அரை மி.மீ.க்குச் சற்று மேல்.

ஆக, ஃபிரெட்டுகள் அனைத்தும் 654.5 மி.மீ. தந்தி நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. பிரிட்ஜ் மட்டும், 600 மி.மீ. அளவுகோலில் அடங்காத ஒரே காரணத்தால், சாதாரண டேப்பில் அளக்கப்பட்டு 648-க்கு வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே கோலால் அளந்திருந்தால், எந்தக் கோலாக இருந்தாலும், பிழையே நேர்ந்திராது.

ஆராய்ந்த வழிகள்

ஃபிரெட்டுகளின் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதம் கெடவில்லை என்பது இதில் பெரிய ஆறுதல். எல்லாமே ஒரே அளவில் நீண்டிருந்தன. சுருதிக்கு வேண்டியது விகிதமே அன்றி மி.மீ. அல்ல. அந்தக் கழுத்து ஒரு நல்ல கழுத்து. தன் நீளத்துக்குப் பொருந்தாத உடலில் அமர்ந்திருந்தது, அவ்வளவே. (வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்துக் காதால் இடம் காண்பதால் இத்தகைய பிழை அங்கேயே திருத்தப்பட்டுவிடும். மரத்தில் அறுத்த வெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.)

மூன்று வழிகளைப் பரிசீலித்தோம். விரல்பலகையைச் சூடுகாட்டிப் பெயர்த்துப் புதிதாகச் செய்வது முதலாவது. ஆசாரி இதைத்தான் விரும்பினார். தவறு நேர்ந்த இடத்தையே திருத்தவேண்டும் என்பது அவர் மனநிலை. ஆனால் ஈட்டிமரம் வேறு இல்லை. பெயர்க்கும்போது கழுத்தும் வளையக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விரல்பலகையில் திருத்துவதற்கு எதுவுமே இல்லை.

கழுத்தை 6.5 மி.மீ. வெளியே தள்ளி, பள்ளத்தின் முடிவில் ஒரு மரத்துண்டை ஒட்டி நிரப்புவது இரண்டாவது. பிரிட்ஜைத் தொடவேண்டாம் என்பதால் இது எளிதாகத் தோன்றியது. நான் முதலில் இதன் பக்கம் சாய்ந்தேன். ஆனால் கழுத்தின் அடியில் திருகுத் துளைகளை அடைத்துப் புதிதாகப் போட்டால், கடைசி இரண்டு திருகுகள் மர முனைக்கு மிக அருகே வந்துவிடும். மர வரிகளின் போக்கில், முனைக்கு ஐந்தாறு மி.மீ. தள்ளித் திருகு இறக்கினால் தேக்கு பிளந்துவிடும் என்று ஆசாரி எச்சரித்தார். தந்திகளின் மொத்த இழுவையையும் தாங்கவேண்டிய இணைப்பு அது. இந்த வழியைக் கைவிட்டோம்.

பிரிட்ஜை 6.5 மி.மீ. பின்னுக்கு நகர்த்துவது மூன்றாவது. வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு வேலையும் உடலில், அதுவும் பெரும்பாலும் தகட்டுக்கு அடியில். இதையே தேர்ந்தெடுத்தோம்.

திருத்தம்

தகட்டின் நான்கு திருகுத் துளைகளும், தந்திகள் ஊடுருவும் ஆறு துளைகளும் பைன் குச்சிகளால் அடைக்கப்பட்டன. மேல்பக்கம் சிக்கல் இல்லை. பழைய துளைகள் தகட்டுக்குள் மறைந்தன. பின்பக்கம்தான் கடினம். அங்கே ஒவ்வொரு தந்தியும் முடியும் உலோகக் குவளைக்கு 8 மி.மீ. துளை வேண்டும். புதிய துளையின் மையம் பழையதிலிருந்து 6.5 மி.மீ. மட்டுமே தள்ளி வருவதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடைத்த குச்சியின் விளிம்பில் துளைக்கருவி வழுக்கும். ஆறு குவளைகள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் கிடாரின் முதுகு முழுவதும் அசிங்கமாகிவிடும்.

ஆசாரி குச்சிகளை நம்பவில்லை. ஆறு துளைகளையும் ஒருசேர உள்ளடக்கும் நீண்ட பள்ளத்தை உளியால் வெட்டி, அதே பைன் பலகையின் மிச்சத் துண்டிலிருந்து, வரிகள் உடலின் போக்கிலேயே ஓடும்படி ஒரு பட்டையைச் சீவி உள்ளே இறக்கினார். ஒட்டுக்கு முன் அதைக் கையால் அழுத்தியபோது, காற்று வெளியேறும் மெல்லிய ஒலியோடு பட்டை இறங்கியது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. வார்ப்பு மண்ணில் தடம் விழாத வழவழப்புக்கு மாதிரி செய்து பழகிய கை அது.

பிரிட்ஜின் புதிய இடத்தை எந்த அளவுகோலாலும் அளக்கவில்லை. இது ஆசாரி முன்வைத்த யோசனை. நீண்ட மரச் சட்டம் ஒன்றில் இரண்டு ஊசிகளைப் பொருத்தி, நட்டுக்கும் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் இடையேயான தூரத்தை அப்படியே எடுத்தார்; ஒரு முனையைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஊன்றி மறுமுனையை உடலின் மேல் வைத்தார். அங்கே விழுந்த புள்ளிதான் தந்தி நீளத்தின் முடிவு. அந்தப் புள்ளியோடு, அழுத்தும்போது தந்தி இழுபடுவதற்கான சிறு கூடுதலைச் சேர்த்து, சேடில்கள் இரு பக்கமும் நகர இடம் வைத்துத் தகட்டை அமைத்தோம்.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பின் குழியை உளியால் பின்னோக்கி நீட்டினோம். தகடு பின்னே போனதால் குழியின் முன்விளிம்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. நல்லவேளையாக, உடலின் முகப்பில் பொருத்தும் மேல்தகடு அப்போது வெட்டப்படவில்லை. அதை 7 மி.மீ. நீட்டி வரைந்து மறைத்தோம். வண்ணத்தில் மட்டும் ஒரு விட்டுக்கொடுப்பு. ஆரம்ப டெலிகாஸ்டர்களின் மர வரி தெரியும் தேன்நிறத்தைத்தான் பேரன் கேட்டிருந்தான். அதில் முதுகுப் பட்டையின் வரி மாற்றம் தெரிந்துவிடும் என்பதால், 1950-களின் நடுவில் வந்த வெளிறிய நிறத்தை, சற்றுக் கனமாகப் பூசினோம்.

பின்விளைவு

மறுபடி தந்தி கட்டியபோது, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் 2 சென்ட்டுக்குள் நின்றன. மூன்றாவதும் நான்காவதும் ஒரே உருளையில் அமர்வதால், ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது நாலைந்து சென்ட் விலகுகிறது. இது அந்தப் பழைய அமைப்பின் இயல்பு. அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தோம். பத்தொன்பதாம் ஃபிரெட்டில் வாசிக்க இப்போது தயக்கமில்லை.

தந்தி நீளம் நூற்றுக்கு ஒன்று கூடியதால், அதே சுருதிக்கு இழுவை நூற்றுக்கு இரண்டு கூடுகிறது. விரலில் அது பெரிதாகத் தெரிவதில்லை. அடைமழை மாதங்களில் கழுத்து ஒருமுறை சிறிது முன்வளைந்தது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்கியதும் நேரானது.

மாற்றிக்கொள்பவை

ஒரு கருவியின் எல்லா நீளங்களையும் ஒரே கோலால் அளப்பது என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறோம். பிரிட்ஜின் இடத்தை எண்ணால் குறிக்காமல், கழுத்தைப் பூட்டிய பின் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலிருந்து ஊசிச் சட்டத்தால் எடுத்துவைப்பது இரண்டாவது. இது ஒரு நிமிட வேலை. ஃபிரெட்டுகள் எந்த அளவில் வெட்டப்பட்டிருந்தாலும் பிரிட்ஜ் அவற்றுக்குப் பொருந்தியே தீரும். என் பங்குக்கு, சுருதி பிசகும்போது அரத்தைத் தொடும் முன் குறைந்தது நான்கு ஃபிரெட்டுகளின் அளவீட்டை எழுதிப் பார்க்கிறேன். பொருந்தவேண்டிய துண்டு பொருந்தாதபோது சீவிவிடாமல் அளந்து பார்ப்பதும் எங்கள் வழக்கத்தில் சேர்ந்திருக்கிறது.

சுருக்க அளவுகோலை ஆசாரி தூக்கிப்போடவில்லை. அதன் முனையில் சிவப்பு வண்ணம் பூசி, ‘இரும்புக்கு’ என்று எழுதித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்த கிடாருக்கான தேக்குத் துண்டு மேசையில் ஏறியபோது, “உங்க டேப்பையும் கொண்டாங்க, ரெண்டையும் வெச்சுப் பாத்துப்போட்டு அறுக்கலாம்” என்று ஆள் அனுப்பியிருந்தார்.